பழைய லேப்டாப்பில் விண்டோஸ் போட்டு விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிமுனையிலும் வண்ணாரப்பேட்டையிலும் பழைய பிசினஸ் லேப்டாப் விற்கும் அண்ணன்களுக்கும் பாய்களுக்கும் வணக்கம்.

ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரைக்கும் லாரி புக்கிங் ஆபீஸ், துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. நீங்கள் விற்கும் மெஷின்கள் பாதி என் மேஜைக்குத்தான் வந்து சேர்கின்றன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் சரக்கின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்ட லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் எல்லாம் அதே விலைக்கு ஷோரூமில் கிடைக்கும் புது மெஷினைவிட எவ்வளவோ தேவலை. தகராறெல்லாம் நீங்கள் அதில் விண்டோஸ் போட்டுக் கொடுக்கிற விதத்தில்தான்.

பெரிய தலைவலி அக்கவுன்ட். வாங்க வந்தவருக்குத் தன் மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. பின்னால் அடுத்த ஆள் நிற்பார். சரி என்று கடை அக்கவுன்ட்டையே போட்டு செட்டப்பை முடித்துவிடுகிறீர்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு உள்ளே நுழைந்தால் பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. 24எச்2 பதிப்புக்கு அப்புறம் இது இன்னும் அதிகம். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை. அதைத் திறக்க வேண்டிய 48 இலக்க ரெக்கவரி கீ, முதலில் நுழைந்த அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு நாள், மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும், அல்லது மதர்போர்டை மாற்றுவோம். உடனே நீலத் திரையில் அந்தக் கீயைக் கேட்டு நிற்கும். ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) போட வேண்டிய வண்டி மணலி ரோட்டில் லோடோடு நிற்கும், கீ உங்கள் கடை அக்கவுன்ட்டில் இருக்கும். அந்த அக்கவுன்ட்டை ஆரம்பித்த கடைப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தால் முடிந்தது கதை. கீ இல்லாமல் அந்த டேட்டாவை நானும் எடுக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டும் எடுத்துத் தராது.

ஆகவே வாங்குபவர் அக்கவுன்ட்டை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு தெரியவில்லையா, பெயர் கேட்கும் திரையிலேயே மெஷினை நிறுத்திக் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டு அவர் முடித்துக்கொள்வார். ஏற்கெனவே கடை அக்கவுன்ட்டில் விற்றிருந்தால், உங்கள் அக்கவுன்ட்டைத் திறந்து அந்தக் கீயைப் பிரின்ட் எடுத்து அவருக்குச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்டோபைலட், அதாவது கம்பெனிகள் தங்கள் மெஷின்களை நெட் வழியாகவே செட்டப் செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் வசதி. பழைய கம்பெனி அந்த மெஷினைத் தன் பெயரில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைத்திருக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருக்கும். நீங்களோ சில மெஷின்களில் நெட் இல்லாமலே விண்டோஸ் போட்டுவிடுவதால் கடையில் எதுவும் தெரியாது. பின்னால் ஒரு நாள் வாங்கியவர் ரீசெட் செய்து நெட்டில் இணைத்தவுடன் யாரோ ஒரு கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். டிஸ்க்கை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் அடையாளம் கண்டுபிடிப்பது மெஷினின் ஹார்ட்வேரை வைத்து. அந்தக் கம்பெனியின் ஐ.டி. ஆட்களைக் கொண்டுதான் முறையாக எடுக்க முடியும். செட்டப்பின்போது போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு தடவை இணைத்துப் பார்த்தாலே கடையிலேயே தெரிந்துவிடும். அப்படி வந்த மெஷினை லாட் கொடுத்தவரிடமே திருப்பிவிடுங்கள். பயாஸ் செட்டிங்கை மாற்றவிடாமல் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்ட மெஷினும் அப்படித்தான்.

லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓட்டவைக்கும் க்ராக் விஷயத்தில் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இந்த பிசினஸ் மெஷின்களில் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசென்ஸ் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்த சாதாரண ஐஎஸ்ஓவை (விண்டோஸ் போடுவதற்கான ஃபைல்) வைத்து விண்டோஸ் போட்டு நெட்டில் இணைத்தால் போதும், தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ எடுத்த 'லைட்' பதிப்பைப் போட்டு, விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரை அணைத்து, ஆக்டிவேட்டரை ஓட்டுவது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டை உடைக்கிற வேலை. ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் லாகினும் அடிக்கப்போகிற மெஷின் அது, கொஞ்சம் யோசியுங்கள்.

மெஷினின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் ஒன்றுகூட இல்லாமல் கொடுங்கள், அவ்வளவுதான். 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று நின்றால் பெரும்பாலும் அது இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின், 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்றால் சிப்செட். இணையத்தில் 'டிரைவர் பேக்' தேடி ஓட வேண்டாம். டெல் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக், மற்றவற்றுக்கு சீரியல் நம்பர், கம்பெனி தளத்தில் அடித்தால் சரியான டிரைவரே வரும். இன்னொன்று. 11ஆம் தலைமுறை இன்டெல் மெஷினில் விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் உடனே எஸ்எஸ்டி போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பயாஸில் டிஸ்க்கை நிர்வகிக்கும் விஎம்டி என்கிற அமைப்பு ஆனாக இருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும். விண்டோஸ் போட்ட பிறகு அந்த விஎம்டியை ஆஃப் செய்து வைப்பதுதான் ஆபத்து, அப்புறம் விண்டோஸ் ஸ்டார்ட்டே ஆகாது.

பழைய கஸ்டமர் ஃபார்மட்டுக்குக் கொண்டுவரும்போது டெஸ்க்டாப்பை மட்டும் காப்பி எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். டேலி கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால் லைசென்ஸை முதலில் சரண்டர் செய்து அந்த மெஷினிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள், டேட்டா ஃபோல்டர் எங்கே என்று கேளுங்கள். கிளியரிங் ஆபீஸ்காரர்களிடம் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி, இருக்கும். ஃபார்மட் முடிந்து அது வேலை செய்யவில்லை என்றால் டோக்கன் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. டோக்கன் டிரைவரும் சைனர் சாஃப்ட்வேரும் மறுபடி போட வேண்டும், அவ்வளவே. தயவுசெய்து 'இனிஷியலைஸ்' பட்டனை மட்டும் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் சர்ட்டிஃபிகேட் அழிந்துபோய், புதிதாகக் காசு கட்டி வாங்க வேண்டிவரும்.

விண்டோஸ் 10க்கான சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின்களில் குறுக்கு வழியில் 11 போட்டு விற்பதும் எனக்குத் தெரியும். விற்பது உங்கள் இஷ்டம். மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இந்த மெஷின் இல்லை, அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் போதும்.

இத்தனைக்கும் நேரம் ஆகும், ஆள் கூலி ஆகும். செட்டப் சார்ஜ் என்று தனியாக வாங்குங்கள், தப்பே இல்லை. பில்லின் பின்பக்கம் சர்வீஸ் டேக், விண்டோஸ் பதிப்பு, யார் அக்கவுன்ட், ஆட்டோபைலட் பார்த்தாயிற்றா என்று எழுதி சீல் வையுங்கள். நான் பார்க்கும் ஆபீஸ்காரர்களிடம் இதைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வந்து கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், அனுப்பியது நான்தான்.