எஃப்.சி. சோதனையில் சைலன்சர் தகட்டையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைக்கோல் வண்டி எரிந்தது, தென்னை நார் வண்டி எரிந்தது என்று கோடையில் செய்தி வரும்போதெல்லாம் மின்கம்பி உரசியது, இல்லாவிட்டால் யாரோ பீடியை வீசிவிட்டார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். மின்கம்பி உரசி எரிவது நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தீ சரக்கின் அடியிலிருந்து கிளம்பியிருந்தால் சைலன்சரையும் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டாமா?

பொள்ளாச்சிப் பக்கம் நார் ஏற்றுகிற மினி லோடு வண்டி வைத்திருக்கிறேன். சைலன்சருக்கும் லோடு ஏற்றும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கம்பெனியிலேயே ஒரு மெல்லிய தகடு வைத்துத்தான் தருகிறார்கள், ஹீட் ஷீல்டு என்பார்கள். தகட்டுக்கும் சைலன்சருக்கும் இடையில் விரல்கடை இடைவெளி இருக்கும், அந்தக் காற்றுதான் சூட்டை மேலே ஏறவிடாமல் பாதி வேலையைச் செய்கிறது. நாலைந்து வருடத்தில் போல்ட் துருப்பிடித்துத் தகடு கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். பட்டறைக்குப் போனால் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு “இனி சத்தம் வராதுண்ணா” என்று அனுப்பிவிடுகிறார்கள். சத்தம் போய்விடும், சரி. அப்புறம் பிளாட்பாரத்துப் பலகையின் அடிப்பக்கம் கருகத் தொடங்கும், மேலே சரக்கு இருப்பதால் யார் கண்ணிலும் படாது. பலகை இடுக்கு வழியாக நார்த்தூசி உதிர்ந்து சைலன்சர் மேலேயே பஞ்சு மாதிரி படிந்திருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். கட்டாமல் தொங்கும் தார்ப்பாய் நுனி அதில் பட்டு உருகி ஒட்டிக்கொள்வது தனி.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. புது டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் ஒன்று புகைக்குழாயோடு இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டியே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலவழித்து அதை எரித்துத் தள்ளும், அப்போது உள்ளே 600 டிகிரி வரை போகும். காய்ந்த வைக்கோலுக்கு 300 டிகிரியே அதிகம். சந்தைக்குள்ளும் தெருவுக்குள்ளும் நின்று நின்று ஓடும் வண்டியில் கரி சீக்கிரம் சேரும், அதனால் இந்த எரிப்பும் அடிக்கடி நடக்கும். நடக்கிற நேரத்தில் வண்டியைக் காய்ந்த புல் மேலேயோ, களத்தில் பரப்பிய வைக்கோல் மேலேயோ நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்? ரோட்டில் கொள்ளுச் செடியைப் பரப்பி வண்டிகளை ஏறவிடும் ஊர்களிலும் இதே ஆபத்துதான், கொடி போய் அடியில் சுற்றிக்கொள்ளும்.

லோடு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்.சி., அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, வண்டியைக் காட்டுகிறோம். ஹாரன், லைட், பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பார்க்கிறார்கள், ஸ்டிக்கர் ஒரு இன்ச் விலகி இருந்தால்கூடக் கண்ணில் படுகிறது. எனக்குத் தெரிந்து இந்தத் தகடு இருக்கிறதா என்று எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கேட்டதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. போக்குவரத்துத் துறை இதை எஃப்.சி. சோதனையில் சேர்க்க வேண்டும். பாடியை நீட்டி, பலகை மாற்றித் தரும் பட்டறைகளும் தகட்டைத் திரும்ப மாட்டாமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு போட வேண்டும். நார், வைக்கோல், பஞ்சு ஏற்றும் வண்டிகளில் இதை முதலில் ஆரம்பிக்கலாம்.

— ஒரு மினி லோடு வண்டி உரிமையாளர், பொள்ளாச்சி