துருவை விடுங்கள், அளவைச் சொல்லுங்கள்: கம்ப்ரெஸர் பிளகின் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கம்ப்ரெஸர்களை, அதாவது ஒலி எகிறும் இடங்களைத் தானாக அமுக்கும் பெட்டிகளை, பிளகினாக்கி (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரலாக்கி) விற்கும் நிறுவனங்களுக்கு வணக்கம்.

மிக்ஸிங் செய்து பிழைக்கிறவன் எழுதுகிறேன். உங்கள் பிளகின்கள் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது, அதனால் இது வசைமடல் அல்ல. ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த பெட்டிகளின் குணத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். அந்த நன்றி என்றும் உண்டு. கேட்க வந்தது வேறு. டிராக்கில் பிளகினைப் போட்ட மாத்திரத்தில் சத்தம் கூடுகிறதே, அதை நிறுத்துங்கள்.

எல்ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரெஸரின் பாணியில் வந்த பிளகின்களில் பலவற்றைத் திறந்தால், ஒலியை எவ்வளவு அமுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் பீக் ரிடக்‌ஷன் குமிழ் பூஜ்யத்தில் இருக்கும். வெளியே வரும் சத்தத்தைக் கூட்டும் கெயின் குமிழ் மட்டும் ஏற்கெனவே பாதி ஏறி நிற்கும். கம்ப்ரெஷன் தொடங்கவே இல்லை, அதற்குள் குரல் சில டெசிபல் உயர்ந்துவிடும். 1176 என்ற இன்னொரு பழைய பெட்டியின் பாணியிலும் இதே கதைதான். இதில் மனிதக் காது ஏமாறும் என்பது புதுச் செய்தியும் அல்ல. சத்தம் குறைந்தால் அடிநாதமும் உச்ச ஒலிகளும் காதில் முதலில் தேய்கின்றன, கூடினால் நிறைவாக விழுகின்றன என்று ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் கூடினாலே ‘ஆகா, வார்ம்த் வந்துவிட்டது’ என்று தோன்றும். பிளகினை விலக்கிக் கேட்க உதவும் பைபாஸை அழுத்தினால் குரல் சுருங்கியதுபோல் இருக்கும்; மறுபடி ஆன் செய்துவிட்டு நிம்மதியாக அடுத்த டிராக்குக்குப் போய்விடுவோம். தராசுத் தட்டை விரலால் அழுத்திக்கொண்டே எடை பார்க்கச் சொல்வதுதான் இது. விளம்பர வீடியோக்களில் ‘முன்’, ‘பின்’ காட்டும்போது ‘பின்’ மட்டும் எப்போதும் கொஞ்சம் சத்தமாக இருப்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரு பக்கமும் சம சத்தத்தில் கேட்கும்படி ஒரு பைபாஸ் பொத்தான் வையுங்கள். உங்களில் சிலர் வைத்திருக்கிறார்கள், அதையும் மெனுவுக்குள் இரண்டு அடுக்கு தாண்டி ஒளித்து.

அடுத்தது உள்ளே வரும் அளவு. கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்கும் வரம்புதான் த்ரெஷோல்ட்; 1176-இல் அதற்குக் குமிழே கிடையாது. த்ரெஷோல்ட் தன் இடத்திலேயே இருக்கும். இன்புட் குமிழால் ஒலியை அதன்மேல் தள்ள வேண்டும். ஆகவே எந்த அளவில் பதிவான ஒலி உள்ளே போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பழைய ஸ்டூடியோவில் ஒலி அளவைக் காட்டும் வியு மீட்டரின் பூஜ்யம் எது என்று எல்லோருக்கும் தெரியும். டிஜிட்டலில் அது எங்கே உட்காருகிறது? டிஜிட்டலின் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்தால், ஐரோப்பிய ஒளிபரப்புச் சங்கத்தின் வழக்கப்படி மைனஸ் 18 டெசிபல், அமெரிக்கத் திரைத் துறை வழக்கப்படி மைனஸ் 20. உங்களில் ஒவ்வொருவரும் உங்கள் வசதிக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்கள். அதைப் பிளகின் முகத்தில் எழுதுவதில்லை, கையேட்டில்கூடப் பல சமயம் இல்லை. வீட்டில் அந்த உச்சப் பூஜ்யத்தை ஒட்டிப் பதிவு செய்து அனுப்பும் குரல்தான் இன்று எங்களுக்கு அதிகம் வருகிறது. அதே குரல், குமிழ்கள் அதே இடத்தில். ஒரு நிறுவனத்தின் பிளகினில், எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் முள் லேசாக ஆடுகிறது, இன்னொன்றில் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. புகழ்பெற்ற இன்ஜினியர்களின் பெயரில் நீங்கள் தரும் ப்ரீசெட்டுகள் (தயார் அமைப்புகள்) எல்லாம் இந்த ஒரு எண் தெரியாத வரைக்கும் ஜோசியம்தான்.

எண் என்றதும் இன்னொன்று. 1176-இன் அட்டாக், அதாவது அமுக்க எடுக்கும் நேரம், 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 மைக்ரோ செகண்ட் வரை, ரிலீஸ், அதாவது விடுவிக்க எடுக்கும் நேரம், 50 மில்லி செகண்டிலிருந்து 1.1 செகண்ட் வரை. குமிழில் இருப்பதோ 1 முதல் 7 வரை. அதிலும் 7-தான் வேகம். பழக்கப்பட்டவர்களுக்குச் சிக்கல் இல்லை. புதிதாக வருகிறவர் 7 என்றால் நிதானம் என்று நினைத்துப் பறையின் முதல் அடியையே நசுக்கிவிட்டு, நாதம் இல்லாத பறையை வைத்துக்கொண்டு முழிப்பார். மவுஸைக் குமிழ்மேல் கொண்டுபோனால் நிஜமான நேரத்தைக் காட்டுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

உங்கள் உழைப்பு எங்கே நிஜமாகப் பலன் தருகிறது என்பதையும் சொல்கிறேன். எல்ஏ-2ஏ-வின் உயிர் அதன் டி4 செல். கலிஃபோர்னியாவில் ஜிம் லாரன்ஸ் வடிவமைத்தது. ஒலி கூடும்போது ஒரு சின்னத் தகடு ஒளிரும், எதிரே இருக்கும் ஒளி உணர் மின்தடையின் மதிப்பு இறங்கும், ஒலி அடங்கும். அழகே அதற்குப் பிறகுதான். ஒளி அணைந்ததும் மின்தடை உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. பாதி தூரம் ஏறக்குறைய 60 மில்லி செகண்டில் திரும்பிவிடும். மீதிப் பாதிக்கு 1 முதல் 15 செகண்ட் வரை ஆகும். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசமாக எரிந்தது என்பதைப் பொறுத்தது அது.

கர்னாடகக் குரலில் இதைக் கேட்டுப் பாருங்கள். கமகத்தின் அசைவுகள் அந்த வேகமான பாதிக்குள் தப்பித்து உயிரோடு வந்துவிடுகின்றன, வாக்கியத்தின் மொத்தக் கனத்தை மெதுவான பாதி பிடித்து வைத்துக்கொள்கிறது. தாரஸ்தாயி ஷட்ஜத்தில் நீண்ட கார்வை பிடித்துவிட்டுப் பாடகி சட்டென்று மந்திரத்துக்கு இறங்கினால், கம்ப்ரெஸர் இன்னும் மேலே இருந்த நினைப்பிலேயே கீழ் ஸ்வரங்களையும் அமுக்கும். அந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நாங்கள் கையால் தூக்கிக்கொள்வோம். இந்த நினைவை ஒழுங்காகக் கட்டிய பிளகினை இரண்டு வரி பாட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கட்டாதது, முகத்தில் எவ்வளவு அழகான குமிழ் வைத்திருந்தாலும், சாதாரணக் கம்ப்ரெஸர்தான்.

கச்சேரிப் பதிவில் இன்னொரு தொல்லை உண்டு. மேடையில் குரல் மைக்குக்குள் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) சத்தமும் வந்து விழும். ஒவ்வொரு கும்காரத்துக்கும் குரல் பள்ளத்தில் இறங்கி ஏறும். இதற்கு உதவக்கூடிய ஒன்று பழைய எல்ஏ-2ஏ பெட்டியிலேயே இருந்தது: ஆர்37 என்ற சின்னத் திருகு. அதைத் திருப்பினால் கம்ப்ரெஸர் அடிநாதத்துக்குக் குறைவாகவும் உச்ச ஒலிக்குக் கூடுதலாகவும் அசையும். அதைத் தவறாமல் கொடுங்கள், வெளியே தெரியும்படி கொடுங்கள்.

இனி இரைச்சல். 1960-களின் பிற்பகுதியில் பில் புட்னம் 1176-ஐக் கொண்டுவந்தார். பின்னாளில் அதன் பெயரோடு எல்என் என்று இரண்டு எழுத்து சேர்ந்தது. குறைந்த இரைச்சல் என்பதன் சுருக்கம். இரைச்சலைக் குறைத்துவிட்டோம் என்பதைப் பெயரிலேயே போட்டுக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு அது பெருமை. நீங்களோ அந்த இரைச்சலைத் திரும்பச் சேர்த்து, மின்சார ரீங்காரத்தையும் கூட வைத்து, 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று தேர்வும் தருகிறீர்கள். (எங்கள் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மிக்க நன்றி.) 32 டிராக்கில் ஒரே பிளகினைப் போட்டால் சாதாரண இரைச்சல் 15 டெசிபல் ஏறும். ரீங்காரம் எல்லா டிராக்கிலும் ஒரே அலையாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 30 டெசிபல். கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் மொத்தத்தையும் தூக்கும்போது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே உள்ள அமைதியில் அது எட்டிப்பார்க்கும். வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளட்டும். திறந்தவுடன் அது அணைந்தே இருக்கட்டும்.

கூடவே ஒரு கணக்கு. வேகமான அட்டாக்கில் கம்ப்ரெஸர் ஒலியைச் சற்றுச் சிதைக்கும், மூல அதிர்வெண்ணின் மடங்குகளாக மேலே புது இசைவுகள் பிறக்கும். அதற்காகத்தான் பாதிப் பேர் வாங்குகிறோம். பழைய பெட்டியில் அவை காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்த் தொலைந்துவிடும். நொடிக்கு 44,100 மாதிரி எடுத்து, அதாவது 44.1 கிலோ ஹெர்ட்ஸில், ஓடும் கணினியில் அதன் பாதியான 22.05-க்கு மேல் போக வழியில்லை, மடங்கித் திரும்பி வரும். ஜால்ராவில் இருக்கும் 12 கிலோ ஹெர்ட்ஸின் மூன்றாம் இசைவு 36, அது 44.1-இலிருந்து கழிந்து 8.1-இல் வந்து விழும், சுருதிக்குச் சம்பந்தமே இல்லாமல். உள்ளே கூடுதல் வேகத்தில் மாதிரி எடுத்துக் கணக்கிடும் ஓவர்சாம்ப்ளிங் இதைத் தணிக்கும். கணினிக்குப் பாரம் என்று நீங்கள் யோசிப்பது நியாயம்தான். குறைந்தபட்சம் பாட்டை ஏற்றுமதி செய்யும்போதாவது அது தானாக ஆன் ஆகட்டும்.

கடைசியாக முகம். 1950-களின் இறுதியில் ரெய்ன் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்ட் 670 கம்ப்ரெஸரில் 20 ட்யூப். எடை ஏறக்குறைய 30 கிலோ. இசைத்தட்டு வெட்டும்போது பள்ளத்தை விட்டு ஊசி எகிறாமல் காக்கச் செய்யப்பட்ட பெட்டி. அதன் கீறல், திருகு, மங்கிய விளக்கு எல்லாவற்றையும் படம் பிடித்துத் திரையில் ஒட்டுகிறீர்கள். அந்தப் படத்தில் ஒரு குமிழுக்கும் பெயர் இல்லை. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத் திரை. இசைத் துறையில் பார்வையற்ற இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், காதை மட்டுமே நம்பி வேலை செய்கிறார்கள். உங்கள் பிளகினின் அளவுருப் பட்டியலுக்குப் போனால் அவர்களுக்குக் கிடைப்பது ‘0.43’. எதன் 0.43? டெசிபலா, மில்லி செகண்டா? துருப்பிடித்த திருகை வரைய ஆள் வைக்கிற செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்த பதிப்பின் அறிவிப்பு மின்னஞ்சலில் ‘இன்னும் தத்ரூபமான முகப்பு’ என்று இருந்தால் திறக்காமலே அழித்துவிடுவேன். ‘பைபாஸ் அழுத்தினால் சத்தம் மாறாது, மைனஸ் 18-க்கு அளவு செய்யப்பட்டது’ என்று இருந்தால் அன்றைக்கே முழு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், உங்கள் தள்ளுபடிக்குக் காத்திருக்காமல்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவன்