வீட்டில தெலுங்கு, பள்ளிக்கூடத்தில தமிழ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தாய்மொழிக் கல்வி எண்டா நம்மட ஆக்கள் உடனே இங்கிலிஷ் மீடியமா தமிழ் மீடியமா எண்டுதான் கதைக்கத் தொடங்குவாங்க. அம்பாறை மாவட்டத்தில, அக்கரைப்பற்றுக்குக் கிட்ட அளிக்கம்பையில வீட்டில தெலுங்கு கதைக்கிற சனம் இரிக்கிறாங்க, அவங்கட புள்ளைகளுக்குத் தமிழே பள்ளிக்கூடத்தில வந்து படிக்கிற மொழிதான், அதப்பத்தி ஆரும் எழுதிக் காணல்ல.

நான் அந்தப் பக்கம் முதலாம் ஆண்டு படிப்பிச்ச டீச்சர். புளியங்கொட்டையக் குமிச்சு வெச்சு எட்டு எடுத்துத் தா எண்டா புள்ள முழிக்கும். நானே எட்டுக் கொட்டைய அடுக்கி, நீயும் வை எண்டு கையால காட்டினா கெதியா அதே மாதிரி அடுக்கிப்போட்டு, கேளாமலே இன்னும் ரெண்டு வெச்சு பத்தாக்கிக் காட்டும். கணக்கு மண்டைக்குள்ள கிடக்கு, தமிழ்தான் இல்ல. ஆனா வந்த புதுசில புள்ளைகள்ற திறமைய இனங்காணுற வேலையெல்லாம் தமிழிலதானே நடக்கு, அதில வாய் திறக்காத புள்ளைக்கு மெல்லக் கற்போர் எண்டு பேர் விழுந்திட்டா மறுகா அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும் அந்தப் பேர் கூடவே வருது. ஒண்டுக்குப் போகணும் எண்டு கேக்கத் தெரியாம கதிரையிலயே இருந்து அழுத புள்ளையோட, மூணாம் ஆண்டில படிக்கிற அக்காவக் கூப்பிட்டுத்தான் கதைச்சம்.

அரசியலமைப்பின்ட 21ஆம் உறுப்புரை சிங்களத்தில அல்லது தமிழில படிக்கிற உரிமையத் தருது. தெலுங்கில புத்தகம் அடிங்க எண்டு நான் கேக்கல்ல, தமிழ நல்லாப் படிச்சு புள்ள ஒரு உத்தியோகம் பாக்கணும் எண்டுதான் அந்தத் தாய் தகப்பனுக்கும் ஆசை. அதுக்கு முதல் ரெண்டு வருசமும் வகுப்புக்குள்ள அந்த ஊர்ப் பொம்புளப் புள்ள ஒராள் டீச்சருக்குப் பக்கத்தில நிக்கணும், ஓ.எல் படிச்சிருந்தாப் போதும், புள்ள தெலுங்கில சொல்றத டீச்சருக்குச் சொல்லி, டீச்சர் சொல்றதப் புள்ளைக்கு விளங்கப்படுத்தி விட்டா தமிழ் தானா வரும்.

வீட்டுக்குள்ள மட்டும் கிடக்கிற மொழி என்ன ஆகும் எண்டதுக்கு மட்டக்களப்புப் பறங்கியர்ர (ஐரோப்பிய வழி வந்த ஆக்கள்ற) போர்த்துக்கேய மொழியையும் பாருங்க, 1638ல ஒல்லாந்தர் கோட்டையப் பிடிச்ச பிறகும் முன்னூறு வருசத்துக்கு மேல வீட்டுக்குள்ள தப்பி வந்த மொழி, இப்ப கூடுதலா வயசு போன ஆக்கள்ற வாயிலதான் கிடக்கு. 1956 தனிச் சிங்களச் சட்டத்தால என்ன பாடு பட்டம் எண்டு நமக்குத் தெரியும், அப்ப நம்மட வகுப்பில ஒரு சின்னப் புள்ள மொழி தெரியாமக் குந்தி இருக்கிறதப் பாத்துட்டுப் பேசாம இருக்கேலுமா?

அடுத்த தரம் ஒண்டுப் புள்ளைகள் வாறதுக்கு முதல் வலயக் கல்வி அலுவலகம் தொண்டர் ஆசிரியர் மாதிரியாவது ஒராளப் போட்டு, மாதாமாதம் ஒரு கொடுப்பனவும் குடுக்கணும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு டீச்சர்,
அக்கரைப்பற்று.