கம்பளைப் பக்கம் ஒரு நாள்: கொத்தகிரி நண்பனுக்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கொத்தகிரியில் உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே புசல்லாவையில் எங்களுக்குப் பனித் தொல்லை இல்லை, மழைதான். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

மகள் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தாள். மருமகனுக்கு வீட்டில் கால் தரிக்காது. கண்டியில் யாரிடமோ சொல்லி ஒரு வேனும் வழிகாட்டியும் பிடித்து, ஒரு நாள் சுற்றுலா என்று எங்களையும் ஏற்றிவிட்டார். மூன்று பழைய கோயில், பித்தளைப் பட்டறை, கிராமத்து வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் போடும் திட்டம்தான் அது. பட்டியலைப் பார்த்தால் எல்லாமே உடுநுவரப் பக்கம். புசல்லாவையிலிருந்து கம்பளைக்கு இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வந்துவிடும். பள்ளிக்கூடக் காலத்தில் நீயும் நானும் கம்பளைக்குப் படம் பார்க்க எத்தனை தடவை போயிருப்போம்! அந்தக் கோயில்கள் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. அது சிங்களவர்களுடையது, நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு. அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, தானாகவே மனசில் இருந்தது.

வழிகாட்டி உடுநுவரக்காரப் பையன். கழுத்தில் அட்டை, வாயில் இங்கிலீஷ். நாங்கள் தமிழ் ஆட்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் திகைத்தான். உள்ளூர் ஆட்கள் காசு கொடுத்து வழிகாட்டி வைப்பது குறைவாம். அப்புறம் சிங்களமும் தமிழும் கலந்து பேச ஆரம்பித்தான். அது எல்லாருக்கும் வசதியாகிவிட்டது.

முதலில் எம்பெக்கே தேவாலயம். அங்கே இருக்கிற சாமி யார் தெரியுமா? நம்ம கதிர்காமக் கந்தன். கம்பளை ராஜதானியாக இருந்த 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கட்டியது. ஆனால் எல்லாரும் பார்க்க வருவது முன்னால் இருக்கிற மேள மண்டபத்தைத்தான். மரத்தூண்கள். ஒவ்வொரு தூணின் நாலு பக்கமும் சதுரச் சதுரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இரட்டைத் தலைப் பறவை, மல்லுக்கட்டும் இரண்டு பேர், குதிரைவீரன், ஆடுகிற பெண். பார்க்கப் பார்க்க ஒன்று மாதிரி ஒன்று இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற ஒரு தாயைச் செதுக்கியிருந்த இடத்தில் உன் மதினி நின்றுவிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து குந்துகிற நம்ம அம்மாமார் மாதிரியே இருக்கிறாள் என்றாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மடியில் பிள்ளை, முகத்தில் அவசரம்.

கூரையைப் பார்க்கவென்றே நீ ஒரு தடவை வரவேண்டும். நீ ஆசாரியிடம் வேலை பழகியவன், உனக்குத்தான் அதன் அருமை தெரியும். மண்டபத்தின் ஒரு கோடியில் 26 கைமரங்கள் விசிறியாக வந்து ஒரே இடத்தில் சேருகின்றன. எல்லாவற்றையும் ஒரே ஒரு பெரிய மர ஆணி பிடித்து வைத்திருக்கிறது. மடோல் குருபாவ என்கிறார்கள். செதுக்கினவர் தெல்மட மூலாச்சாரி என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இந்தத் தூண்கள் கம்பளை அரண்மனை மண்டபத்திலிருந்து கொண்டுவந்து நட்டவை என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

கோயில் வந்த கதையும் நல்ல கதை. ஒரு மேளக்காரனுக்குத் தோல் வியாதியாம். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு, சுகமாகி, வருசா வருசம் அங்கே போய் மேளம் அடித்து வந்தானாம். வயசாகி நடக்க முடியாமல் போனபோது சாமியிடம் அழுதிருக்கிறான். இனி நீ வரவேண்டாம், நானே உன் ஊருக்கு வருகிறேன் என்று கனவில் வாக்கு வந்ததாம். மேளக்காரனைத் தேடி சாமி வந்த கதையைக் கேட்டதும் எனக்கு உங்கள் அப்பா ஞாபகம்தான். காமன் கூத்துக்கு அவர் தப்பெடுத்தால் மூன்று டிவிசன் ஆட்களும் கூடிவிடுவார்களே! நாங்கள் நின்ற நேரம் மண்டபத்தில் மேளம் எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து லங்காதிலக விகாரை. பன்ஹல்கல என்ற மொட்டைப் பாறையின் மேலே, வயலுக்கு நடுவில் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. நாலாம் புவனேகபாகு காலத்தில், 1344இல், சேனாலங்காதிகார என்ற மந்திரி முன்நின்று கட்டுவித்தது. கட்டின ஸ்தபதி தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். ஸ்தபதி ராயர் என்கிறார்கள். முன்பக்கம் புத்தர் சன்னிதி. அதே கட்டடத்தின் மற்றப் பக்கங்களில் விஷ்ணு, சமன், விபீஷணன், பிள்ளையார், கந்தன் என்று தேவர்கள். உன் மதினி பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம் போட்டாள். அங்கே இருந்த பூசாரி கபுவா ஐயாவும் சிரித்துக்கொண்டே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பாறையில் பெரிய கல்வெட்டு வெட்டியிருக்கிறது. கோயிலுக்கு விட்ட நிலபுலங்களின் விவரம். சிங்களத்தில் இருப்பதைத்தான் பையன் காட்டினான். தமிழிலும் வெட்டியிருக்கிறதே என்று நான் கேட்டேன். பேராசிரியர் கணபதிப்பிள்ளை அந்தத் தமிழ்க் கல்வெட்டைப் படித்து எழுதியிருக்கிறார் என்று நம்ம வரலாற்று மாஸ்டர் ஒருநாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆமாம், இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்றான். பழைய எழுத்து, வெயில் வேறு, எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆனாலும் விட்டு வர மனம் வரவில்லை, மச்சான். நிலத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்கிற ராஜா தமிழிலும் வெட்டச் சொல்கிறான் என்றால், அதைப் படிக்க ஆள் இருந்திருக்க வேண்டும். அலங்காரத்துக்கு யாராவது காணிக் கணக்கைக் கல்லில் வெட்டுவார்களா?

மத்தியானச் சாப்பாடு ஒரு சிங்கள அக்கா வீட்டில். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், கருவாடு, பப்படம். எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பலாப்பிஞ்சுக் கறி! மண்சட்டியில், விறகு அடுப்பில், வறுத்த தூளும் கொறுக்காப்புளியும் போட்டு மணிக்கணக்காக வேகவிட்டது. கறுத்துப் போய், இறைச்சிக் கறியா என்று கேட்கிற பதத்தில் இருந்தது. மருமகன் மூன்று தடவை வாங்கினார். கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாணியும். அந்த அக்காவின் புருஷன் கித்துள் மரம் ஏறுகிறவர். பூவுக்கு மருந்து கட்டி, காலையும் மாலையும் சீவி, இறங்குகிற பதநீரை அன்றன்றைக்கே காய்ச்ச வேண்டுமாம். விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. கடையில் சீனிப்பாகு கலந்து விற்பதையே ருசித்துப் பழகிய என் நாக்குக்கு, இது வேறு சாமான் என்று முதல் கரண்டியிலேயே தெரிந்தது. லேசாகப் புகை வாசம் அடிக்கிறது. உனக்கு ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், வந்து வாங்கிக்கொள்.

கடலாதெனிய விகாரைக்குப் போகும்போது எல்லாருக்கும் உறக்கம் வந்துவிட்டது. அதுவும் 1344தான், அதே ராஜா காலம். கல்லால் கட்டியது. வாசல் தூணில் நடனக்காரிகளும் மேளக்காரர்களும். நீ அங்கே தமிழ்நாட்டில் பார்க்கிற கோயில்களின் சாடை அப்படியே இருக்கும். கட்டினவர் பெயர் கணேஸ்வராச்சாரி. கல்லிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

இந்தப் பெயர்களைக் கேட்டதும் மருமகனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'பார்த்தீங்களா மாமா, நம்ம ஆட்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கே இருந்திருக்காங்க' என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அந்த ஆச்சாரி ராஜா கூப்பிட்டு வந்தவர், மரியாதையோடு இருந்தவர், பெயரைக் கல்லில் விட்டுப் போனவர். நம்ம பாட்டன்மார் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியிடம் முன்பணம் வாங்கி, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்தவர்கள். வழியில் விழுந்தவர்களுக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. அவர் தமிழ் பேசினார், நாமும் பேசுகிறோம், சரி. அதற்காக அவரை நம்ம முப்பாட்டன் ஆக்கினால், நடந்து வந்தவர்களைப் பற்றி வெட்கப்படுகிறோம் என்று ஆகிவிடாதா? இதை வேனிலேயே சொன்னேன். மகள் என் பக்கம், மருமகன் ஜன்னல் பக்கம்.

பிலிமத்தலாவையில் பித்தளை. ரோட்டோரம் வரிசையாகக் கடை. பயணிகளைக் கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம், பையனும் மறைக்கவில்லை. நாங்கள் கடைக்குள் போகாமல் பின்னால் இருந்த பட்டறைக்குப் போனோம். மெழுகில் உருவம் பண்ணி, அதன்மேல் களிமண்ணைப் பூசிப் பூசிக் காயவைக்கிறார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறினபின் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். ஓர் அச்சு ஒரு தடவைக்குத்தான். உடைத்ததும் விளக்கு வருகிறது என்று நினைக்காதே, கறுப்பாகச் சொரசொரவென்று ஒரு கட்டி வருகிறது. அதை அரத்தால் ராவி, உளியால் பூவேலை செய்து, தேய்த்துத் தேய்த்துத்தான் மினுக்கம். அங்கே வேலை செய்த பெரியவர் பழைய பித்தளை விலை ஏறிப் போனதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தார். அவருடைய மகன் ஆட்டோ ஓட்டுகிறானாம். நாங்கள் சேவல் வைத்த குத்துவிளக்கு ஒன்றை அவர் கையாலேயே வாங்கினோம். மருமகன் பேரம் பேச வாயெடுத்தார். அவ்வளவு நேரம் ராவுகிறதைப் பார்த்த பிறகு எப்படி மனசு வருகிறது என்று மகள் அதட்டிவிட்டாள்.

திரும்பி வரும்போது பையன் தேயிலைக் கதைக்கு வந்தான். முதல் தேயிலைத் தோட்டம் 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, 19 ஏக்கர் என்று மனப்பாடமாகச் சொன்னான். ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த 19 ஏக்கரில் யார் குழி வெட்டினது, யார் கொழுந்து பறித்தது என்ற பேச்சே வரவில்லை. தேயிலைக்கு முன்னால் கோப்பி. 1820களில் ஜார்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது இதே கம்பளைப் பக்கத்துச் சிங்கஹாபிட்டியில்தான். ராஜாவின் தலைநகரும் நம்ம கதை தொடங்கின இடமும் ஒரே ஊர், மச்சான். இதை அவனிடம் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, வாத்தியார் வேலை பார்த்தவனுக்குப் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது, உனக்குத் தெரியும். அவன் யோசித்துவிட்டு, எனக்குப் படிப்பிச்ச பாடத்தில் அது இல்லை ஐயா என்றான்.

அப்படியென்றால் வண்டியைத் திருப்பு என்றேன். கம்பளைக்குக் கிட்ட ஓல்ட் பீக்காக் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த பழைய லயக் காம்பராக்களையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். 2007இல் திறந்தது. நான் முன்னமே பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் பார்த்ததில்லை. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பாத்திரம் பண்டம், பழைய காகிதங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காம்பராவுக்குள் நின்றபோது, இதற்குள்ளே எத்தனை பேர் படுத்தார்கள் என்று பையன் கேட்டான். உன் மதினி தன் வீட்டில் படுத்தவர்களை விரல் விட்டு எண்ணினாள். அவன் அதற்குப் பிறகு போனில் படம் எடுக்கவே இல்லை, கேள்விதான் கேட்டான். பெரட்டு என்றால் என்ன, கணக்கப்பிள்ளை யார், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் எப்படி ஒரே குடும்பத்தைப் பிரித்தார்கள் என்று. உன் கதையைத்தான் சொன்னேன். தலைமன்னாரில் நீங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினதையும், உங்கள் பெரியப்பா குடும்பம் இங்கேயே நின்றுவிட்டதையும்.

இனி வரும் பயணிகளைக் கூட்டி வருவாயா என்று மகள் கேட்டாள். நேரம் போதாது அக்கா, பித்தளைக் கடையை விட்டால்தான் முடியும், கமிஷனை விட்டால் வீட்டில் சண்டை வரும் என்று உள்ளதைச் சொன்னான். அந்த நேர்மைக்கே மருமகன் பேசின காசுக்கு மேலே கொஞ்சம் கொடுத்தார்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. மழைக் காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அதைப் பார்த்துத் தேதி போடு. தங்கச்சிக்குக் கண் நன்றாக ஆறினபின் இரண்டு பேரும் வாருங்கள். வேனும் வேண்டாம், அட்டை போட்ட வழிகாட்டியும் வேண்டாம், நானே கூட்டிப் போகிறேன். லங்காதிலகவை முதலில் வைத்துக்கொள்வோம், வெயில் ஏறினால் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. காலுறை ஒரு சோடி எடுத்து வா. எம்பெக்கேக்கு அரை நாள் ஒதுக்க வேண்டும், நீ கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாய். பித்தளை கடைசியில், பாரம் தூக்கிக்கொண்டு படியேற நம்மால் ஆகாது.

உன் மூட்டு வலிக்கு அந்த எண்ணெய் சரிவந்ததா? அதை எழுத மறந்துவிட்டாய்.

அன்புடன்,
உன் புசல்லாவை மச்சான்