பக்கத்து இருக்கைக்காரரையும் உள்ளே கூப்பிடுங்கள்

ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறையினருக்கு,

வணக்கம். போன வாரம் என் மகளுக்குக் கார் ஓட்டப் பழகுநர் உரிமம் கொடுத்தீர்கள். வயதைப் பார்த்தீர்கள், கண்ணைச் சோதித்தீர்கள், சாலைக் குறியீடுகளைப் பற்றிக் கேள்வி கேட்டீர்கள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, வட்டம் என்றால் கட்டளை என்று முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து உருப்போட்டாள், பாஸும் ஆகிவிட்டாள். உரிமத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முழு உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது. அந்த ஒருவர் நான்தான். அன்றைக்கு முழுக்க வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நல்லது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. காலி மைதானம். கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள், இன்ஜின் அலறியது. நான் "விடு, விடு!" என்றேன். அவள் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள், குலுங்கி அணைந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "எதை விடணும்னு நீங்க சொல்லவே இல்லையே?" நியாயம்தான். காலடியில் மூன்று பெடல் இருக்கும்போது வெறும் வினைச்சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

மூன்றாம் நாள் தெருவுக்குள் போனோம். ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு லேசாகத் திறந்தது. "பார்த்து!" என்றேன். நாம் எல்லோரும் சொல்கிற சொல்தானே, வாசலில் நின்று வழியனுப்பும்போதுகூடச் சொல்வோம். அவள் பார்த்தாள், என்னை. "எதை?" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பியே கேட்டாள். நல்லவேளை, அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நடந்துபோகிறவருக்கே பெரிய வேகமாகத் தெரியாது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது வண்டி. நான் பார்த்து, வாய் திறந்து, அது அவள் காதில் விழுந்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டாலும் 16 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். பயிற்சிப் பள்ளி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எனக்கு இருப்பது மிதியடி. அதை நான் எத்தனை தடவை அழுத்தி மிதித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

புதிதாக ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று 1972-லேயே மூரன்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பழகியவர்கள் தூரத்தில் பார்க்கிறார்கள், கண்ணாடிகளை அடிக்கடி பார்க்கிறார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்கு முன்னால் கிட்டத்திலேயே சுற்றுகிறது. ஆக, என் மகளுக்கு எப்போது பார்ப்பது என்பதைவிட எங்கே பார்ப்பது என்பதைத்தான் யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த யாராவது, உங்கள் விதிப்படி, நான்.

பழகுநராக இருக்கும்போது விபத்து குறைவு, தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதற்கு இவ்வளவு பலன் இருக்கிறது என்று தெரிந்துதான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழ் உள்ள பழகுநர்கள் 120 மணி நேரம், அதில் 20 மணி நேரம் இரவில், துணையோடு ஓட்டிக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் துணைக்கு உட்காருபவருக்குக் குறைந்தது 21 வயது, மூன்று வருடம் முழு உரிமம். சரி, வயதும் வருடமும் தாளில் இருப்பவை. நானும் இருபது வருடமாக ஓட்டுகிறேன். மகள் படித்த கேள்விகளை ஒரு நாள் என்னிடம் கேட்டுப் பார்த்தாள், மூன்று தப்பு. ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடிப்பது, இண்டிகேட்டர் போடாமல் ஒடிப்பது என்று இருபது வருடத்தில் நான் சேர்த்து வைத்த சொத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிரான்சில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 15 வயதிலேயே துணையோடு ஓட்டிப் பழக விடுகிறார்கள். ஆனால் பயிற்சியாளர் இல்லாமல் துணைக்காரரோடு ஊர்சுற்ற அனுப்புவதற்கு முன் துணைக்கு உட்காரப்போகிறவரையும் பயிற்சியாளர் கூப்பிட்டுப் பேச வேண்டும். பிள்ளை ஓட்ட, பயிற்சியாளரும் துணைக்காரரும் அதே வண்டியில் இருக்கிறார்கள். இதைத்தான் கேட்கிறேன்.

எனக்கு இன்னொரு தேர்வு வையுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் வண்டியும், உரிமம் உள்ள பெரியவரும் கிடைப்பதே பலருக்குக் கஷ்டம். அதற்கு மேல் துணைக்காரருக்கும் சான்றிதழ் என்று ஆரம்பித்தால் அவர்களுக்கு வாசலையே அடைத்ததாகிவிடும். அரை மணி நேரம் போதும். அவள் உள்ளே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், வெளியே காத்திருந்த எங்களை ஓர் அறைக்குள் அழைத்திருக்கலாம்.

அங்கே என்ன சொல்வது என்றும் கேட்பீர்கள். முதலில், இடத்தைச் சொல், பிறகு வேலையைச் சொல்: "அந்த மரத்துக்கு முன்னால் வேகத்தைக் குறை." அதையும் மரத்தடிக்கு வந்த பிறகு சொல்லாதே. ஓட்டுகிறவர் தான் காண்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டும் முறை ஒன்று உண்டு, பிரிட்டன் காவல்துறைப் பயிற்சியில்கூட இருக்கிறது. அதைச் செய்து காட்டலாம். நாங்கள் முயன்று பார்த்தோம். "முன்னால சைக்கிள், வலது பக்கம் ஒரு நாய், கண்ணாடியில ஒரு லாரி" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தபோது, அந்த லாரியை நான் கவனித்திருக்கவில்லை. அப்புறம், உட்காருபவர் கைபேசியை உள்ளே வைக்க வேண்டும், குடித்திருக்கக்கூடாது, கத்தக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் வீட்டில் இப்போது "விடு", "பார்த்து" இரண்டுக்கும் தடை. டேஷ்போர்டில் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே மழை பிடித்துவிட்டது. மழையிலும் பழக வேண்டாமா என்று சாவியோடு வந்து நிற்கிறாள். நீங்கள் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவர்