மீட்டர் போர்டை முழுசாக மாற்றச் சொல்லாதீர்கள்: மியாட்டா சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் முதல் தலைமுறை மஸ்தா மியாட்டா வைத்திருப்போர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும், சங்கக் கூட்டங்களில் மற்றவர்களின் காருக்குக் கை கொடுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான இந்த இரண்டு இருக்கைக் கார், உலகம் முழுவதும் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அவற்றில் கடைசியாக வந்த கார்களுக்கே இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது. மீட்டர் போர்டில்தான் ஏதாவது ஒரு முள் செத்துப்போகிறது. உங்களிடம் வந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "உடைத்த காரிலிருந்து ஒரு முழு மீட்டர் போர்டு வாங்கு, நாலு ஸ்க்ரூ, அரை மணி நேர வேலை." அந்தப் பதிலைச் சொல்வதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முள் நின்றதும் மீட்டரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் மீட்டருக்குத் தகவல் கொடுக்கும் பொருள்தான் பல நேரம் கெட்டிருக்கும். ஆகவே ஒரு ஸ்க்ரூவையும் தொடுவதற்கு முன்னால் சோதனை செய்யச் சொல்லுங்கள். பெட்ரோல் முள் காலியிலேயே கிடக்கிறதா? இருக்கைகளுக்குப் பின்னால் மேடை போல இருக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி தெரியும். அதன் கீழேதான் டேங்க் யூனிட், அதாவது பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்சார், இருக்கிறது. அதன் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி, சாவியைப் போட்டு, மீட்டருக்குப் போகும் வயரை ஒரு சின்ன பல்பு வழியாகச் சில நொடிகள் எர்த்தில் (காரின் உலோக உடலில்) தொட்டுப் பாருங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது இந்த யூனிட்டின் மின்தடை குறைவு, காலியாக இருக்கும்போது அதிகம். எனவே எர்த் பட்டதும் முள் ஏற வேண்டும். ஏறினால் மீட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு டேங்கில்.

டெம்பரேச்சர் முள்ளுக்கும் இதே சோதனைதான். அங்கே ஒரு குழப்பத்துக்கு இடம் உண்டு. இன்ஜினின் பின்பக்கத்தில் இரண்டு சென்சார்கள் அருகருகே இருக்கும். ஒற்றை வயர் போவது மீட்டருக்கு. இரண்டு வயர் போவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு. இரட்டை வயர் சென்சாரை மாற்றிவிட்டு "முள் இன்னும் அசையவில்லை, மீட்டர்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரைச் சந்தேகப்பட்டால், இன்ஜின் பக்கம் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் ஐஜி மைனஸ் என்ற முனையில் வேறொரு டாக்கோவை இணைத்துப் பாருங்கள். அங்கே சிக்னல் இருந்தால்தான் மீட்டர் பக்கம் போக வேண்டும்.

சோதித்த பிறகும் மீட்டர்தான் பழுது என்றால் கழற்றலாம். பேட்டரி டிக்கிக்குள் வலப்பக்கம் இருக்கிறது. 10 எம்.எம். ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். அமெரிக்காவில் விற்ற கார்களில் டிரைவர் பக்கம் ஏர்பேக் உண்டு என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை, ஏர்பேக்கைத் தொடவும் வேண்டாம். ஸ்டீயரிங் தண்டின் மேல், கீழ் கவர்களை எடுத்த பிறகு மீட்டர் ஹூட், அதாவது மீட்டர் போர்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடி. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் சில கண்ணுக்குத் தெரியும், சில கவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எல்லாம் வந்துவிட்டனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும்போது இழுத்தால் காது உடையும். இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வளையாது. குளிர்காலக் காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காரை வெயிலில் நிறுத்தி உள்ளே சூடேறிய பிறகு செய்யுங்கள்.

நாலு ஸ்க்ரூ எடுத்ததும் மீட்டர் போர்டு கொஞ்சம் முன்னால் வந்து நின்றுவிடும். எல்லோரும் தவறு செய்யும் இடம் இதுதான். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பீடோமீட்டர் கேபிள். முதல் தலைமுறையில் கடைசி ஆண்டு வரை ஸ்பீடோமீட்டர் கேபிளில்தான் ஓடியது. பின்னால் கையை விட்டு, கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை விரலால் அழுத்தினால் கேபிள் வந்துவிடும். கை நுழைய இடமில்லை என்றால் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில்) கேபிள் நுழையும் ரப்பரிலிருந்து கொஞ்சம் கேபிளை உள்ளே தள்ளிக்கொடுங்கள், அல்லது கியர்பாக்ஸ் முனையைத் தளர்த்துங்கள். பொறுமை இழந்து வெடுக்கென்று இழுத்தால் நாக்கு உடையும். உடைந்த நாக்கோடு மறுபடி சொருகிய கேபிள் கொஞ்ச நாளில் தானாக நழுவும். அப்போது நிற்பது வேக முள் மட்டும் அல்ல. இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வேகத்தைச் சொல்லும் சுவிட்சும் இதே ஸ்பீடோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

முள் நடுங்குகிறது என்று ஸ்பீடோமீட்டரை மாற்றச் சொல்வதற்கு முன் கேபிளின் உள் கம்பியை உருவிப் பாருங்கள். காய்ந்தோ முறுக்கேறியோ இருந்தால், கம்பி சுற்றும்போது சேர்த்துவைத்த முறுக்கை ஒரே உதறலில் விடும். முள் குதிப்பது அதனால்தான். துடைத்து லேசாக கிரீஸ் தடவினாலே பல கார்களில் சரியாகிவிடும். ஆனால் மீட்டர் பக்கத்து முனையில் சில அங்குலங்களுக்கு கிரீஸே கூடாது. அது கம்பி சுற்றச் சுற்ற மேலேறி ஸ்பீடோமீட்டருக்குள் போகும். உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதைத் தொடாமல் ஒரு மெல்லிய உலோகக் கிண்ணம் அந்த இழுவையில் திரும்பி முள்ளை நகர்த்துகிறது. இரண்டுக்கும் நடுவே கிரீஸ் புகுந்தால் கிண்ணம் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இழுபடும், முள் இல்லாத வேகத்தைக் காட்டும். நல்ல மீட்டரைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கழற்றிய ஸ்பீடோமீட்டரை மேசையில் வைத்து டிரில்லால் சுற்றிச் சோதிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியத் தரப்படி கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். அதாவது அந்த வேகத்தில் ஒரு நிமிடம் டிரில் ஓடினால் ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறிவிடும். சில நொடிகளில் நிறுத்துங்கள், ஏறியதைக் குறித்து வையுங்கள்.

மீட்டர் போர்டின் பின்பக்கம் பச்சைப் படலம் போல மெல்லிய பிளாஸ்டிக்கில் அச்சடித்த மின்பாதைகள் இருக்கும். அதன் மேல் வரும் சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள் மீட்டர்களைப் பிடித்து நிறுத்துவதோடு, மின்சாரத்தை மீட்டருக்குக் கொண்டுபோவதும் அவைதான். வருஷக்கணக்கான அதிர்வில் ஒரு கால் சுற்று தளர்ந்தாலே முள் சாகும், அல்லது பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் உயிர் பெறும். எனவே எந்த மீட்டரையும் வாங்குவதற்கு முன்னால் எல்லா ஸ்க்ரூக்களையும் ஒருமுறை தளர்த்தி, கை பலத்துக்கு இறுகும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் படலம் முறுக்கிக் கிழியும். கப்ளர் உட்காரும் விளிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; கருத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்க்கலாம். பாதை கிழிந்திருந்தாலும் போர்டை எறிய வேண்டியதில்லை, ஸ்க்ரூவிலிருந்து ஸ்க்ரூவுக்கு மெல்லிய வயர் ஒன்று ஓட்டினால் போதும்.

மீட்டரை மாற்றத்தான் வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முள்ளைப் பிடுங்க வேண்டாம், முகப்பில் விரல் படவேண்டாம்; அந்தக் கருப்பு மேட் பெயின்டில் பட்ட விரல் ரேகை கண்ணாடியை மூடிய பிறகு வெயிலில் பளிச்சென்று தெரியும். கையோடு பல்புகளையும் புதுப்பிக்கலாம். எல்லாவற்றையும் எல்இடி ஆக்குகிறவர்கள் பேட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் எரியும் சார்ஜ் விளக்கை மட்டும் விட்டுவிடுவது நல்லது. அந்த பல்பு வழியாகப் போகும் மின்சாரத்துக்கும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் தொடர்பு உண்டு.

ஆயில் பிரஷர் மீட்டருக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறோம். முழு போர்டு மாற்றுவதால் வரும் பெரிய சிக்கல் இங்கேதான். 1994 மாடல் வரை அந்த முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. சூடான இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது இறங்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏறும். 1995 மாடலிலிருந்து முள் என்னவோ இருக்கிறது, அதற்குத் தகவல் கொடுப்பதோ வெறும் சுவிட்ச். ஓரளவு அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். பாதி அழுத்தம் போனாலும் அங்கேயே இருக்கும். 1992 காரில் 1996 போர்டைப் போட்டாலும், 1996 காரில் 1992 போர்டைப் போட்டாலும் மீட்டரும் சென்சாரும் பொருந்தாது. முள் பொய் சொல்லும். அதை நம்பி ஒருவர் பதறி இன்ஜினைப் பிரிக்கலாம். இன்னொருவர் நிம்மதியாக ஓட்டி பேரிங்கைப் பறிகொடுக்கலாம். 1995 மாடல் முதல் வந்த காரில் உண்மையான அழுத்தம் தெரிய வேண்டும் என்று விரும்புவது நியாயம். அதற்குப் பழைய மீட்டர், பழைய வகை சென்சார் இரண்டையும் ஜோடியாகப் போட வேண்டும்.

சென்சார் போடும்போது மரையைக் கவனியுங்கள். இன்ஜினில் இருப்பது 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் தர மரை, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்கக் கடையில் கைக்குக் கிடைக்கும் சோதனை மீட்டர்கள் 1/8 என்பிடி என்ற அமெரிக்கத் தர மரை, அங்குலத்துக்கு 27 மரை. முதல் ஓரிரு சுற்று இழைந்து போகும், பிறகு இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் ஆயில் கசியும், மரையும் கெடும். இடையில் போடும் அடாப்டர் விலை அதிகமில்லை. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதும் கூடாது. இந்த சென்சாருக்கு எர்த் கிடைப்பது மரை வழியாகத்தான்.

கடைசியாக ஓடோமீட்டர். உடைத்த காரின் போர்டு வந்தால் அந்தக் காரின் மைல்களும் கூடவே வருகின்றன. 1972இல் வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: பழுதுபார்த்தாலும் மாற்றினாலும் ஓடோமீட்டரில் முந்தைய மைல்களே இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, மாற்றுவதற்கு முன் ஓடியிருந்த மைல்களையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். "பழைய காருக்கு மைல் எழுதிக் கொடுக்கத் தேவையில்லையே" என்று உங்கள் கூட்டங்களில் சொல்கிறார்கள். விற்கும்போது மைல்களை எழுத்தில் தெரிவிப்பதிலிருந்துதான் இவ்வளவு பழைய கார்களுக்கு விலக்கு. பழுதுபார்க்கும்போது பின்பற்ற வேண்டிய இந்த விதிக்கு வயதால் விலக்கு இல்லை. காரில் இருந்த ஸ்பீடோமீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, கெட்ட மீட்டரை மட்டும் மாற்றினால் இந்தச் சிக்கலே எழாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. உங்கள் பழுதுபார்க்கும் நாள்களில் மல்டிமீட்டரும் சோதனை பல்பும் முதலில் மேசைக்கு வரட்டும். ஸ்க்ரூடிரைவர் அதற்குப் பிறகு. உறுப்பினர்களிடம் கிடக்கும் உடைந்த போர்டுகளைச் சேகரித்து, நல்ல மீட்டர்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்த ஆண்டுக் காரிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதி வையுங்கள். ஆயில் மீட்டருக்கு இது கட்டாயம். ஸ்பீடோமீட்டர் மாற்றியே ஆக வேண்டிய காருக்குக் கதவில் ஒட்டும் தாளைச் சங்கமே அச்சடித்து வைத்திருங்கள், அந்த இடத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம். 2017இல் மஸ்தா ஜப்பானில் இந்த முதல் தலைமுறைக் கார்களை மீட்டெடுக்கும் திட்டத்தை அறிவித்தபோது, நிறுத்திய உதிரிபாகங்கள் சிலவற்றை மறுபடி தயாரிக்கவும் முன்வந்தது. எந்தெந்த மீட்டர் உங்கள் உறுப்பினர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது என்ற கணக்கு உங்களிடம் இருந்தால், அதைக் கேட்டு மஸ்தாவுக்கு எழுதவும் ஒரு வழி இருக்கும். அந்தக் கணக்கை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
பழைய மியாட்டாக்களின் மீட்டர் வேலை பார்க்கும் நாங்கள்