பட்டன் அழுத்துகிறவள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் படிப்பு வழிகாட்டிக் கட்டுரையில், டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் லேப் டெக்னீஷியன் ஆகலாம், பட்டனை அழுத்தினால் மெஷினே ரிசல்ட் சொல்லிவிடும் என்று ஒரு வரி. இருபத்தாறு வருடமாகப் பட்டன் அழுத்துகிறவள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

ஒரு நைட் டூட்டியில் ஒருவருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெறும் 18,000 என்றது மெஷின். வார்டில் தட்டணு ஏற்றும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர் உடம்பில் ஒரு ரத்தப் புள்ளிகூட இல்லை என்று நர்ஸ் சொன்னது எனக்கு உறுத்தியது. ஸ்லைடில் ரத்தத்தைத் தீற்றிச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் சிலர் ரத்தத்தில் செய்கிற கூத்து அது. கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. சந்தேகக் குறி காட்டும், சரி. அதோடு அதன் வேலை முடிந்தது. ஈடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் திரவம் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, அந்தத் திரவம் ரத்தத்தோடு கலந்து எண்ணிக்கையைக் குறைப்பதற்காகப் பத்து சதவீதம் கூட்டிப் போட்டால் 1,90,000, அதாவது நார்மல். இதற்கு எந்தப் பட்டன் என்று கட்டுரையாளர் சொன்னால் குறித்துக்கொள்கிறேன்.

ரத்த அணுக்கள் உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அதனால்தான் மறுபடி எடுக்கிறோம். "காலையில் எடுத்ததைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்பார்கள். கேட்டுக்கொள்வோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டருக்கும் நர்சுக்கும் கும்பிடு. லேப் எந்தப் பக்கம் என்றுகூட யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுப்பவருக்கோ 'போட்டோ பிடிக்கிறவர்' என்று பெயர். 1895-ல் அந்தக் கதிரைக் கண்ட ரோன்ட்கனே மருத்துவர் இல்லை, இயற்பியல்காரர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பட்டயம் படித்த டெக்னீஷியனும் பட்டம் படித்த டெக்னாலஜிஸ்டும் ஒன்றல்ல என்பதும் தெரிந்திருக்கும். கட்டுரையில்தான் இருவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். கொரோனா நேரத்தில் தாங்கள் வெளியிட்ட நன்றிப் பக்கத்தில் இருவருமே இல்லை. இரவு பகலாக அந்த ஆர்டிபிசிஆர் டெஸ்டை யார் செய்தார்கள் என்று நினைத்தீர்களோ!

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். கையுறை போட்ட பெண் நீல நிறத் திரவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். யார் உடம்பிலிருந்து எடுத்ததோ, பாவம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை படத்தின் கீழே 'மருத்துவமனை ஊழியர்' என்று போடாமல் 'ஆய்வக நுட்புநர்' என்று போடுங்கள். இடம் போதாவிட்டால் நீலத் திரவத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு டெக்னாலஜிஸ்ட்